டப்பாவின் அடியில் ஒரு முக்கோணம்

நான் எஃகில் பதித்த முதல் எழுத்து, இடம்வலம் மாறிப்போன ஒரு 5.

1999. அம்பத்தூரில் ஒரு டூல்ரூமில், அதாவது அச்சு செய்யும் பட்டறையில், சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சமையலறை பிளாஸ்டிக் டப்பா ஒன்றுக்கு மோல்டு, அதாவது எஃகு அச்சு, செய்துகொண்டிருந்தோம். டப்பாவின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் வர வேண்டும் என்று டிராயிங்கில் காட்டியிருந்தார்கள். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள், நடுவில் 5, கீழே பி.பி. (பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்) என்று இரண்டு எழுத்து. மொத்தமாகப் பத்து மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை எஃகில் மின்பொறியால் பதிக்க ஒரு செம்பு எலக்ட்ரோடு வேண்டும். அதை வெட்டும் வேலை என்னிடம் வந்தது.

மோல்டில் எழுத்து எப்போதும் கண்ணாடியில் தெரிவதுபோல மாறித்தான் இருக்க வேண்டும் என்று முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் சமர்த்தாக மாற்றியே வெட்டினேன். எலக்ட்ரோடு வேறு, மோல்டு வேறு. எலக்ட்ரோடு எஃகுக்குள் இறங்கித் தன் மறுவடிவத்தைப் பதிக்கும், அதனால் அதில் எழுத்து நேராக இருந்தால்தான் டப்பாவில் நேராக விழும் என்பது மண்டையில் ஏறவில்லை. ஸ்பார்க் மெஷின் வேலை முடிந்து, மோல்டைப் பூட்டி, முதல் டப்பா சுடச்சுட வந்து விழுந்தபோது 5 திரும்பி நின்றது. அம்புகள் எதிர்த்திசையில் ஓடின.

ஃபோர்மேன் கோபப்படவில்லை. "ஏம்பா, கண்ணாடியைப் பாத்துக்கிட்டே வெட்டினியா?" என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தைத் தோண்டியெடுத்து இன்சர்ட் என்கிற தனி எஃகுத் துண்டைப் போட்டுச் சரிசெய்ய ஒன்றரை நாள் ஆனது. இன்சர்ட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்: "இது எதுக்குண்ணே? டப்பாவைத் திருப்பி யாரு பாக்கப்போறா?"

"டிராயிங்ல இருக்கு. வெட்டு."

அவருக்கும் தெரியாது என்பது பிறகு புரிந்தது. எனக்குத் தெரியவர இன்னும் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. அந்த முக்கோணம் ஒரு சங்கத்தின் கமிட்டியில் பிறந்தது. நான் அதைத் தெரிந்துகொண்டதும் ஒரு சங்கத்தின் கமிட்டியில்தான்.

2006-இல் சொந்தமாகப் பட்டறை போட்டேன். 2011-இல் பக்கத்து ஷெட்டுக்காரர் என்னை பிளாஸ்டிக் தொழில் நடத்துகிறவர்களின் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "வந்து உட்காருங்க சார், பேச வேண்டாம், டீ நல்லா இருக்கும்." டீ நன்றாகத்தான் இருந்தது. போன கூட்டத்தின் மினிட்ஸை ஒருவர் படித்தார், யாரும் கேட்கவில்லை. அப்புறம் பஜ்ஜி வந்தது. இதற்கா சந்தா கட்டினோம் என்று தோன்றியது.

சங்கம் என்றால் மாலை, பொன்னாடை, மேடையில் அமைச்சர் என்றுதான் வெளியே தெரியும். வேலை நடப்பது கமிட்டிகளில். எங்கள் சங்கத்தில் வரிக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பெயர் இருக்கும். உழைப்பது இரண்டு பேர்.

மின்சாரக் கமிட்டியின் வேலையைத்தான் முதலில் கண்ணால் பார்த்தேன். 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு இருந்த இருப்பு நினைவிருக்கும். ஒரு மணி நேரம் கரண்ட் போனால் ஒரு மணி நேர உற்பத்திதானே போகும் என்பது வெளியிலிருப்பவர் கணக்கு. இன்ஜெக்‌ஷன் மெஷினின் பேரலுக்குள், அதாவது சூடேற்றும் குழலுக்குள், உருகி நிற்கிற சரக்குக்கு அந்தக் கணக்கு தெரியாது. பி.பி.யாக இருந்தால் இறுகும். பி.வி.சி.யாக இருந்தால் கருகி, உள்ளே சரக்கைத் தள்ளும் ஸ்க்ரூவையும் அரிக்கும். மறுபடி சூடேற்றி, கெட்ட சரக்கைப் பர்ஜ் பண்ணி வெளியே தள்ளி, முதல் முப்பது நாற்பது ஷாட்டை, அதாவது முப்பது நாற்பது தடவை அச்சில் அடித்ததை, கழித்துத்தான் நல்ல பீஸ் வரும். எங்கள் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் இதை மனுவில் எழுதவில்லை. கருகிய பி.வி.சி. கட்டி ஒன்றை மஞ்சள் பையில் எடுத்துப்போய் அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டார். அறை முழுக்க நெடி. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் எந்தெந்த நேரத்தில் வெட்டு என்று முன்னாலேயே சொல்ல ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு, மெஷினை முறையாக நிறுத்தி, பேரலைக் காலி செய்து வைக்க முடிந்தது. சந்தாப் பணம் அந்த மாதமே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வரிக் கமிட்டி பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, நவம்பரில் 178 பொருட்களை 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறக்கினார்கள், அதில் பிளாஸ்டிக் சாமான்கள் சிலவும் இருந்தன. அந்த நான்கு மாதம் எங்கள் வரிக் கமிட்டிக்காரர்கள் தூங்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். 'பிளாஸ்டிக் தொழில்' என்று ஒரே ஆளைச் சொல்வதுபோல் சொல்கிறோமே, அப்படி ஒரு ஆள் கிடையாது. மூலப்பொருள் செய்கிறவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய நிறுவனங்கள். அதை வாங்கிக் குடமும் குழாயும் மூடியும் செய்கிறவை ஆயிரக்கணக்கான சின்ன யூனிட்டுகள். இந்தியாவுக்குத் தேவையான பி.வி.சி.யில் பாதிக்கு மேல் இறக்குமதி. வெளியிலிருந்து வரும் சரக்குக்குக் கூடுதல் வரி போடு என்று மேலே இருப்பவர் கேட்பார், போடாதே என்று குழாய் செய்கிறவர் கேட்பார். இரண்டு பேரும் ஒரே கண்காட்சியில் பக்கத்துப் பக்கத்து ஸ்டாலில் நிற்பார்கள். அதனால்தான் கமிட்டிகள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவருகிற சின்ன விஷயங்களில் கைவைக்கின்றன: ஓர் எண், ஓர் அளவு, ஒரு குறி.

எனக்கு வாழ்வு கொடுத்ததும் அப்படி ஒரு சின்ன விஷயம்தான். சங்க அலுவலக அலமாரியில், பழைய சூவனீர்களுக்கு நடுவே ஒரு தகடு கிடந்தது. அதில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றின் பளபளப்பும் வேறு. ஏ-1, ஏ-2, ஏ-3 என்று தொடங்கி டி-3 வரை. ஏ வரிசை வைரப் பசையால் பாலிஷ் போட்டது, பி வரிசை எமரித் தாள், சி வரிசை கல், டி வரிசை மணிகளையும் துகள்களையும் பீய்ச்சி அடித்து மேட் ஆக்கியது. ஏ-1-இல் முகம் பார்க்கலாம். டி-3 சொரசொரவென்று இருக்கும்.

மோல்டு தொழிலில் இல்லாதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பாலிஷ் என்பது எங்களுக்கும் கஸ்டமருக்கும் நடக்கும் நிரந்தரச் சண்டை. "கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்பார் அவர். யார் வீட்டுக் கண்ணாடி? பாலிஷ் போடும் ஆள் நாள் கணக்கில் உட்கார்ந்து தேய்ப்பார், நாள் கணக்கில் கூலி. ஒருமுறை, நான் கொடுத்த மோல்டில் பாலிஷ் போதவில்லை என்று ஒருவர் கடைசித் தவணையை நிறுத்திவைத்தார். மூன்று மாதம் நடந்தேன். சங்கத்தில் இருந்து அந்தத் தகட்டை இரவல் வாங்கிப்போய் அவர் மேசையில் வைத்தேன். "சார், இதில் எது வேணும்னு விரலை வையுங்க." அவர் ஏ-3-இல் வைத்தார். என் மோல்டு அதைவிட நன்றாகவே இருந்தது. மறுநாள் செக் வந்தது. அன்றிலிருந்து என் கொட்டேஷனில் 'பாலிஷ்' என்ற சொல்லே கிடையாது, எழுத்தும் எண்ணும்தான்.

தகட்டைத் திருப்பிக் கொடுக்கப்போனபோதுதான் அதன் ஓரத்திலிருந்த மூன்று எழுத்தைப் பார்த்தேன்: எஸ்.பி.ஐ. 1937-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிளாஸ்டிக் தொழில் சங்கத்தின் பழைய பெயர்ச்சுருக்கம். அந்தச் சங்கத்துக்குள் மோல்டு செய்கிறவர்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. மோல்டுகளை 101-லிருந்து 105 வரை தரம் பிரித்ததும் அவர்கள்தான். 101 என்றால் பத்து லட்சம் ஷாட்டோ அதற்கு மேலோ தாங்க வேண்டும், எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 48-க்குக் குறையக் கூடாது. 105 என்றால் ஐந்நூறு ஷாட்டைத் தாண்டாது, மாதிரி பார்க்க மட்டும். இப்போது கோயம்புத்தூரிலும் ராஜ்கோட்டிலும் "நூத்தி ஒண்ணு டூல்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஐரோப்பாவில் இதே மாதிரி யூரோமேப் என்று ஒரு கூட்டமைப்பு. மெஷின் தட்டில் போல்ட் துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும், ரோபோவையும் மெஷினையும் இணைக்கும் பிளக்கில் எந்தக் கம்பி எதற்கு என்பதெல்லாம் அவர்கள் எழுதியது. ஒரு நாட்டு மெஷினில் இன்னொரு நாட்டு மோல்டு போய்ச் சுளுவாக உட்காருகிறதென்றால் யாரோ சில பேர் எங்கோ ஓர் அறையில் டீ குடித்துக்கொண்டு துளை துளையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். பஜ்ஜி மேல் எனக்கிருந்த இளக்காரம் அன்றோடு போயிற்று.

அதே எஸ்.பி.ஐ.தான் முக்கோணத்தையும் செய்தது. 1988-இல்.

அந்த வருடத்தின் சூழ்நிலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1987-இல் நியூயார்க் பக்கத்துக் குப்பையை ஏற்றிக்கொண்டு மோப்ரோ என்ற படகு ஒன்று கிளம்பி, கொட்ட இடம் கிடைக்காமல் பெலிஸ் நாடு வரை போய்விட்டு, குப்பையோடு ஊர் திரும்பியது. மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் அதே செய்தி. அடுத்த வருடம் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்டி சில பிளாஸ்டிக் பொட்டலங்களுக்குத் தடை கொண்டுவந்தது. மற்ற ஊர்களிலும் பேச்சு கிளம்பியது. இன்னொரு பக்கம், வீட்டு வாசலில் குப்பையைப் பிரித்து வாங்கத் தொடங்கியிருந்த ஊர்களில், எந்தப் பாட்டில் எந்த பிளாஸ்டிக் என்று தெரியாமல் பிரிப்பவர்கள் திணறினார்கள். அவர்களுக்கு உதவத்தான் இந்த எண்கள் என்றது சங்கம். 1 பெட், 2 ஹைடென்சிட்டி பாலிஎத்திலீன், 3 பி.வி.சி., 4 லோடென்சிட்டி பாலிஎத்திலீன், 5 பி.பி., 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை.

எண்களில் தப்பு ஒன்றும் இல்லை. பாலிஷ் தகட்டைப் போலவே பயனுள்ள காரியம். ஆனால் எண்ணைச் சுற்றிப் போட அவர்கள் எடுத்த வடிவம் வெறும் வட்டமோ சதுரமோ இல்லை. 1970-இல், முதல் பூமி தினத்தை ஒட்டி ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டியில் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் வரைந்த மூன்று அம்புகளின் சாயல் அது. மறுசுழற்சி என்றால் அதுதான் என்று பதினெட்டு வருடத்தில் ஊருக்கே பழகியிருந்தது. 'நான் எந்தச் சரக்கு' என்று சொல்ல வேண்டிய குறி, 'என்னை மறுபடி பயன்படுத்தலாம்' என்று சொல்லும் உடையைப் போட்டுக்கொண்டு வந்தது. 39 அமெரிக்க மாநிலங்கள் அதைச் சட்டமாகவே ஆக்கின. அப்புறம் கேட்க வேண்டுமா? அம்பு இருக்கிறது, போடு மறுசுழற்சித் தொட்டியில் என்று ஜனங்கள் போட்டார்கள்.

தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும், ஒரே எண் என்றால் ஒரே சரக்கு ஆகிவிடாது. ஊதிச் செய்யும் கேனுக்கு வரும் ஹைடென்சிட்டி பாகுபோல் மெதுவாக ஓடும். அச்சில் அடிக்கும் மூடிக்கு வருவது தண்ணியாக ஓடும். இரண்டிலும் 2 என்றுதான் இருக்கும். இரண்டையும் சேர்த்து அரைத்து உருக்கினால் கேனும் வராது, மூடியும் உருப்படியாக வராது. 7-ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். நைலானும் பாலிகார்பனேட்டும் ஏழடுக்கு உறையும் ஒரே வீட்டில் குடியிருக்கும் எண் அது. அதைச் சுற்றியும் அதே அம்புகள்.

இருபது வருடம் கழித்து, 2008-இல், ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பு இந்தக் குறியைக் கையில் எடுத்தது. 2013-இல் அம்புகளைக் கழற்றிவிட்டுச் சாதாரண முக்கோணமாக மாற்றியது. 2021-இல் கலிஃபோர்னியா, உண்மையில் மறுசுழற்சி ஆகாத பொருளில் அம்பு போடுவதையே கட்டுப்படுத்தும் சட்டத்தைப் போட்டது. ஆனால் நம் ஊரில் 1998-லேயே பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கான ஐ.எஸ். 14534 வழிகாட்டி வந்துவிட்டது, அம்புகளோடு, அதே ஏழு எண்களோடு. மறு வருடம் அது அம்பத்தூருக்கு வந்து, டிராயிங்கில் ஏறி, என் செம்பு எலக்ட்ரோடில் தப்பாக விழுந்தது.

அந்த அமெரிக்க கமிட்டிக்காரர்கள் ஏமாற்றுக்காரர்களா? சில வருடம் முன்புவரை ஆமாம் என்று சட்டென்று சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது. காரணம் 2018.

அந்த வருடம் ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் பழனிசாமி அறிவித்தார்: 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பட்டியல் 14 பொருட்களாக வந்தது. தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், டீக் கப், சாப்பாட்டு மேசை விரிப்பு, கொடி, கேரி பேக். கேரி பேக்குக்கு எதிரே எழுதியிருந்த வார்த்தைகள்தான் எங்களைக் கலக்கின: தடிமன் எதுவாக இருந்தாலும்.

தடிமன்தான் அதுவரை எங்கள் பேரம். மைக்ரான் கணக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1999-இல் மத்திய விதி குறைந்தது 20 மைக்ரான் என்றது. 2011-இல் 40. 2016-இல் 50. பின்னால் 2021 செப்டம்பரில் 75, 2022 முடிவில் 120. மெல்லிய பையைப் பொறுக்குகிறவர் குனிந்து எடுக்க மாட்டார், எடை தேறாது. தடித்த பையென்றால் எடுப்பார் என்பது அதன் நியாயம். நியாயம் உண்மைதான். அதோடு, 'கூடாது' என்பதை 'இன்னும் கொஞ்சம் தடியாக' என்று மாற்றிவிடும் வசதியும் அந்த எண்ணுக்கு உண்டு. ஃபிலிம் ஓடும் வேகத்தைக் குறைத்தால் தடிமன் கூடும். மெஷினை விற்க வேண்டாம், ஆளை அனுப்ப வேண்டாம். 'தடிமன் எதுவாக இருந்தாலும்' என்றபோது கமிட்டிக்குப் பேச எண்ணே இல்லாமல் போய்விட்டது.

அந்தக் கூட்டம் போல் ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கடன் வாங்கி மூன்று மெஷின் போட்டவர் ஒருவர் பின்வரிசையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பொதுமக்களுக்கு ஒரு துண்டறிக்கை போடுவோம் என்று முடிவாயிற்று. "நீங்க நல்லா எழுதுவீங்களே" என்று என் தலையில் கட்டினார்கள். எழுதினேன். 'பிளாஸ்டிக் எதிரி இல்லை, வீசி எறியும் பழக்கமே எதிரி.' கைத்தட்டினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. பத்தாயிரம் பிரதி அடித்தோம்.

பிறகொரு நாள் முக்கோணத்தின் கதையைத் தேடிக்கொண்டிருந்தபோது 1959-இல் போய் நின்றேன். அமெரிக்காவில் சலவைக் கடைகள் துணியை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கத் தொடங்கிய காலம். வீட்டில் அந்த உறையைக் குழந்தையின் மெத்தைக்குப் போர்த்தினார்கள். முகத்தில் ஒட்டிக்கொண்டு குழந்தைகள் மூச்சுத்திணறிச் செத்தன. தடை வந்துவிடும் என்ற நிலையில் சங்கம் பெரிய பிரசாரம் ஒன்றை நடத்தியது: இந்தப் பை விளையாட்டுப் பொருள் இல்லை, குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். இன்றுவரை பைகளில் நாம் பார்க்கிற எச்சரிக்கை வாசகத்தின் மூலம் அங்கே இருக்கிறது. அந்த வாசகம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கும், சந்தேகமில்லை. அதே வாசகம், பையைச் செய்தவரிடமிருந்து கவலையை எடுத்துத் தாயின் கையில் கொடுத்தும் விட்டது. நான் எழுதிய துண்டறிக்கையை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். கவலையை நான் யார் கையில் கொடுத்தேன் என்று அதில் தெளிவாகத்தான் இருந்தது.

நானும் கமிட்டியில் பொய் சொல்லவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதினேன். அறைக்குள் இருப்பவர்களின் முகம்தான் கமிட்டிக்குத் தெரியும். பாலிஷ் தகட்டில் அது பிரச்சினை இல்லை, ஏனென்றால் சண்டை போடும் இரண்டு பேருமே அறைக்குள் இருந்தார்கள். முக்கோணத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர்களோ வெளியே இருந்தார்கள்.

அந்த வெளியே இருப்பவர்களைப் பார்க்க, எங்கள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் காயலான் கடைக்குப் போனேன். பட்டறைக் கழிவை வருடக்கணக்காக அங்கேதான் போடுகிறோம், ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. நான்கு பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். கை போகிற வேகத்துக்கு என் கண் போகவில்லை. ஒருத்தர்கூட அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. நசுக்கிப் பார்ப்பார்கள், தரையில் தட்டிச் சத்தம் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை ஒடித்து வாளித் தண்ணீரில் போடுவார்கள்: மிதந்தால் பி.பி. அல்லது ஹைடென்சிட்டி, முங்கினால் பெட், பி.வி.சி. வகையறா. அதிலும் தீராவிட்டால் தீக்குச்சி. மெழுகுவத்தி வாசனை வந்தால் ஒரு குவியல், மூக்கைப் பிடுங்கும் நெடி என்றால் வேறு குவியல், கரும்புகை சுருளாக எழுந்தால் இன்னொன்று. அந்தப் புகையை அவர்கள் நாளெல்லாம் முகர்கிறார்கள் என்பதை நான் அங்கே கால்மணி நேரம் உட்கார்ந்துதான் உணர்ந்தேன். எனக்குத் தலை வலித்தது.

ஒரு டப்பாவை எடுத்து முக்கோணத்தைக் காட்டி, "அக்கா, இதைப் பாத்துப் பிரிக்கலாமே?" என்றேன்.

"அழுக்கைத் துடைச்சுட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் நாலு டப்பா போட்ருவேன்," என்றார். பிறகு, "இது கம்பெனி பேருன்னுல்ல நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு டப்பாவை வாங்கித் தட்டி, பி.பி. குவியலில் எறிந்தார். சரியாகத்தான் எறிந்தார்.

அடுத்த தொழில்நுட்பக் கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். குறியைப் பெரிதாக, பக்கவாட்டில், அழுக்கு படியாத இடத்தில் போடச் சொல்லி உறுப்பினர்களுக்கு எழுதலாம், அம்பை எடுத்துவிடலாம், காயலான் கடைக்காரர் ஒருவரைக் கமிட்டிக்கு அழைக்கலாம் என்றேன். முதல் இரண்டும் மினிட்ஸில் ஏறின. பக்கவாட்டில் போட்டால் லேபிள் ஒட்ட இடம் போகும் என்று ஒருவர் சொன்னார், அதுவும் ஏறியது. மூன்றாவதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. யாரும் அதை யோசித்தே பார்க்காததால் வந்த சிரிப்பு. அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார் தலைவர். அடுத்த கூட்டத்தில் கண்காட்சி ஸ்டால் ஒதுக்கீடு வந்துவிட்டது.

போன மாதம் ஊறுகாய் டப்பா ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. டிராயிங்கின் ஓரத்தில் மூன்று அம்புகள், நடுவில் 5. அம்பில்லாத முக்கோணமாகப் போடட்டுமா, பக்கவாட்டில் பெரிதாக வரட்டுமா என்று கேட்டு கஸ்டமருக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: பழைய சாம்பிள் மாதிரியே செய்யவும்.

எலக்ட்ரோடு பெட்டியைத் திறந்து பழையதைத் தேடி எடுத்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "சார், எழுத்து நேராக இருக்கு, மாறித்தானே இருக்கணும்?" என்று கேட்டான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னேன்.